கேப்டனின் கொடி விழுந்த சனிக்கிழமை

நடந்தது இவ்வளவுதான்.

1. நான் சதுரங்க மன்றத்தில் சேர்ந்த முதல் சனிக்கிழமை, கோயில் மணி அடித்ததும் எதிரில் இருந்தவரின் கடிகாரத்தை நிறுத்தினேன். திட்டு வாங்கினேன்.
2. சில வாரம் கழித்து, மணி அடித்தபோது என் கடிகாரத்தை நிறுத்த மறந்தேன். தோற்றேன்.
3. அந்த வருடப் போட்டியின் கடைசிச் சனிக்கிழமை, மணி அடித்தபோது கேப்டன் தன் கடிகாரத்தை நிறுத்தவில்லை. அவர் தோற்றார்.
4. அதை டிரா என்று எழுதினார்கள்.
5. நான் கையெழுத்துப் போடவில்லை.

வரிசையாக எழுதினால் இதில் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் யாரும் இதை வரிசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். செபத்தில் நின்ற பெரிய மனிதரை ஒரு சின்னப் பிள்ளை ஏமாற்றிவிட்டாள் என்று. முதல் இரண்டையும் மறந்துவிட்டார்கள். அன்று அப்பாக்களோடு வந்து அந்த அறையில் இருந்த, என் வயதுக்காரர்களான நீங்களும்தான். அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் பேக்கரிக்காரர் மகன் போன் செய்தான். அப்போது பாக்கெட்டில் முந்திரி மக்ரூனை வைத்துக்கொண்டு பலகையெல்லாம் பொடி உதிர்த்தவன், இப்போது சதுரங்க மன்றத்தின் செயலாளர்.

"ஏளா, இப்பம் எங்க இருக்க?"

"ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம். காத்தாலையில வேலை."

"காத்தாடி சுத்துத இடத்துலயா? சரி, கேளு. மன்றத்துக்கு ஆண்டு விழா. மலர் ஒண்ணு போடுதோம். நீ ஒரு பக்கம் எழுதித் தா. நல்லா, இனிப்பா ஒரு நினைவு. எங்க கடை மக்ரூன் பத்தி எழுதேன், உனக்குப் புண்ணியமாப் போவும்."

"கேப்டன் ஆட்டத்தப் பத்தி எழுதட்டுமா?"

அவனுக்குப் பின்னால் அடுப்புத் தட்டுகள் இழுபடும் ஓசை கேட்டது.

"அத மட்டும் விட்ரு தாயி. அவுகளத்தான் விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கோம்."

"அப்பம் அதத்தான் எழுதுதேன்."

"நீ மாறவே இல்லளா," என்றான். அதை அவன் பாராட்டாகச் சொல்லவில்லை. நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மக்ரூனையும் எழுதிவிடுகிறேன், அவன் கேட்டதற்காக. அந்த வருடம் முழுக்க எனக்கு சதுரங்கம் என்றால் அந்த வாசனைதான். அடித்த முட்டையும் முந்திரியும் சூட்டில் உலர்ந்த வாசனை. அதன் மேல் கடற்கரைச் சாலையிலிருந்து ஏறி வரும் கருவாட்டு வாடை. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வாசகசாலை, அதன் மாடியில் நம் மன்றம். ஜன்னல் கட்டையில் விரலை வைத்தால் கறுப்பாகும், துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரித் தூசி. அந்த விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

காய்கள் பழையவை. ஒரு பெட்டியில் வெள்ளைக் குதிரை ஒன்று தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு குட்டிச் சங்கு நின்றது. மன்றத்துக்கு வரும், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர் ஒருவர் கொண்டுவந்து வைத்தது. அவரை எல்லோரும் சங்குக்காரர் என்றே சொல்வோம். சங்குக் குதிரை உள்ள பெட்டி எனக்கு வந்தால் அன்று நன்றாக ஆடுவேன் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. விரலில் எடுத்தால் மற்றக் காய்களை விடக் குளிர்ச்சியாக இருக்கும்.

கடிகாரங்கள் இன்னும் பழையவை. துறைமுகத்துக்கு வந்த ஏதோ ஒரு ரஷ்யக் கப்பலின் அதிகாரி விட்டுப் போனவை என்பார்கள். ஒரு மரப்பெட்டி, அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகங்கள். என் ஆட்டத்தை ஆடிவிட்டு என் பக்கப் பொத்தானை அமுக்கினால் என் கடிகாரம் நின்று எதிராளியின் கடிகாரம் ஓடும். இரண்டு பொத்தானையும் பாதி அமுக்கிச் சமமாக நிறுத்தினால் இரண்டும் நிற்கும். ஒவ்வொரு முகத்திலும் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சிறு கொடி. பெரிய முள் நெருங்க நெருங்க அதைத் தூக்கிக்கொண்டே போகும். நேரம் முடிந்தால் கொடி விழும். யார் கொடி விழுகிறதோ அவர் தோற்றார். ஆளுக்கு முக்கால் மணி நேரம். ஐந்து மணிக்கு ஆட்டம் ஆரம்பிக்கும்.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்.

நம் மன்றத்தை ஊரில் இருந்த மற்ற எந்த மன்றத்திலிருந்தும் வேறாக்கியது அந்த மணிதான். அடித்த உடனே எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். காலை, நண்பகல், மாலை மணிக்குச் சொல்லும் திரிகால செபத்தைக் கேப்டன் தொடங்குவார், கத்தோலிக்கர்கள் பதில் சொல்வார்கள். நாங்கள் சாத்தான்குளத்துப் புராட்டஸ்டண்ட் குடும்பம், எங்களுக்கு அந்தச் செபம் கிடையாது. காயல்பட்டினத்திலிருந்து வரும் துணிக்கடைக்காரருக்கும் கிடையாது. ஆனாலும் எல்லோரும் நிற்போம். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் அதற்கென்றே ஒன்று உண்டு: மணி அடித்தால், ஆட வேண்டியவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழ வேண்டும். ஆட வேண்டியவர். அதாவது யாருடைய கடிகாரம் ஓடுகிறதோ அவர்.

நான் அந்த மன்றத்தில் சேர்ந்தது ஆள் கணக்குக்காக. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து அப்போதுதான் ஊர் மாறி வந்திருந்தோம். நாலு பேர் பழக்கமாகட்டும் என்று அப்பா மன்றத்தில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளில் அவருக்குச் சனிக்கிழமையும் மாலை ஆறு வரை ஷிப்ட் போட்டுவிட்டார்கள். ஒருவர் குறைந்தால் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் ஆளில்லாமல் உட்கார வேண்டும். அப்போதைய செயலாளர், கப்பல் ஏஜென்சி வைத்திருந்தவர், என்னைப் பார்த்தார். அப்பாவோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பெண்.

"பிள்ளைய உக்கார வையுங்க சார். யாருக்கு வந்தாலும் ஒரு பாயிண்ட் சும்மா கிடைச்ச மாதிரி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

முதல் சனிக்கிழமை எனக்கு எதிரே சங்குக்காரர். அவர் ஆட வேண்டிய நேரத்தில் மணி அடித்தது. அவர் சடாரென்று எழுந்து நின்றுவிட்டார். அவர் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி நிறுத்தினேன். வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அணைப்பதைப் போலத்தான்.

"ஏளா பாப்பா! கைய எடு." அடுத்த மேசையிலிருந்து செயலாளர். "அடுத்தவுக கடிகாரத்துல கை வைக்கப்படாது. அவுக நேரம், அவுக பாடு."

"விடுங்க அண்ணாச்சி, நல்லதுக்குத்தானே செஞ்சா," என்றார் சங்குக்காரர்.

"நல்லதோ கெட்டதோ, பழக்கமாயிரும்லா."

இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். எதையும் மனதில் வரிசை போட்டு அடுக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. முதலாவது: அடுத்தவர் கடிகாரத்தைத் தொடக்கூடாது.

இரண்டாவது பாடமும் செயலாளரிடமிருந்தே கிடைத்தது. இந்த முறை அவரே எனக்கு எதிரில். நான் ஆட வேண்டும். அவருடைய யானை என் ராஜாவின் பக்கத்து வரிசையில் வந்து நின்றிருந்தது. அதை என்ன செய்வது என்று யோசித்து யோசித்து நேரத்தையெல்லாம் தின்றுவிட்டேன். மணி அடித்தபோது திடுக்கிட்டு எழுந்தேன். பொத்தானை மறந்தேன். செபம் முடிந்து கீழே பார்த்தால் என் கொடி விழுந்து கிடந்தது.

செயலாளர் எனக்கு நேர் எதிரில்தான் நின்றார். அவர் கண்ணை மூடவில்லை. அதை நான் பார்த்தேன்.

"அங்கிள், மறந்துட்டேன்," என்றேன்.

"சட்டம் சட்டம்தான் பாப்பா. இன்னைக்கு வலிச்சாத்தான் நாளைக்கு மறக்கமாட்ட."

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பேக்கரிக்காரர் மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மக்ரூனை நீட்டினான். "மேல அழுவாத. ஈரம் பட்டா கரைஞ்சிரும்," என்றான். அவனுடைய அக்கறை மக்ரூன் மேல்.

நான் அழுதது தோற்றதற்காக. அநியாயம் என்று அழவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். செயலாளர் சொன்னது சரி என்றே நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். விதி சுவரில் இருந்தது, என் கடிகாரம், என் விரல். அப்பாவிடம்கூட நான் புகார் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஐந்தரை தாண்டியதும் ஒரு காது பலகையிலும் ஒரு காது கோயில் பக்கமுமாக ஆடப் பழகினேன். அதன் பிறகு நான் மறந்ததே இல்லை.

அதன் பிறகு தோற்றதும் குறைவு. சும்மா கிடைத்த பாயிண்ட் என்று உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காயல்பட்டினத்துத் துணிக்கடைக்காரர் என்னிடம் தோற்றதும் பலகையைத் திருப்பி என் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்தார். "இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா விழுவுது, அதான்," என்றார். பேக்கரிக்காரர் தோற்ற அன்று மகனுக்கு வீட்டில் அடி. "ஒரு பொட்டப்பிள்ள ஆடுதா, நீ திங்குத!"

அந்த வருடப் போட்டியின் கடைசிச் சனிக்கிழமைக்கு முன்னால் நிலைமை இப்படி. கேப்டன் முதலிடம். அவருக்கு அரைப் பாயிண்ட் பின்னால் நான். இருவரும் அதுவரை ஒருவரோடொருவர் ஆடவில்லை, கடைசி ஆட்டம் எங்களுக்குள். நான் ஜெயித்தால் முதலிடம் எனக்கு. டிரா ஆனாலே அவருக்குப் போதும். முதலிடம் வருபவரை மன்றம் மதுரையில் நடக்கும் போட்டிக்கு அனுப்பும். ஒரே ஒரு ஆள். தென் மாவட்டங்களில் நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். நான் அதுவரை திருநெல்வேலியைத் தாண்டிப் போனதில்லை. எந்தப் பாவாடையை எடுத்துப்போவது என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தேன்.

கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உண்மையிலேயே கப்பல் ஓட்டியவர். பெரிய சரக்குக் கப்பல்கள். ஓய்வு பெற்று ஊரோடு வந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சவரம் செய்து தடவும் தண்ணீரின் வாசனை. ஆங்கிலத்தில் பிஷப், எங்களுக்கு மந்திரியாக இருந்த காய் அவருக்கு மட்டும் மேற்றிராணியார், ஆயரைக் கோயிலில் பழைய ஆட்கள் சொல்லும் பெயர். அடுத்த மேசையில் நான் யாருடைய மந்திரியையாவது வெட்டினால், "மேற்றிராணியாரயே வெட்டிட்டியா? ஊருக்குள்ள மழை பெய்யாதுளா!" என்று சத்தம் போடுவார். எங்களுக்கெல்லாம் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

திரிகால செபம் முடிந்ததும் அவர் தானாக ஒரு செபம் சேர்ப்பார். கடலுக்குப் போயிருக்கிறவர்களுக்காக, கப்பலில் இருக்கிறவர்களுக்காக. பிறகு, போய்த் திரும்பாதவர்களுக்காக. அதில் சில பெயர்களைச் சொல்வார். கடைசிப் பெயர் அவருடைய தம்பியுடையது. அதைச் சொல்வதற்கு முன் சிறு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் வாசகசாலை மாடியில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

அன்று எங்கள் மேசைக்குச் சங்குக் குதிரை உள்ள பெட்டி வந்தது. எனக்கு வெள்ளை.

கேப்டன் நன்றாக ஆடினார். யோசித்து யோசித்து, ஒவ்வொன்றுக்கும் நீண்ட நேரம் எடுத்து ஆடினார். நான் வேகமாக ஆடினேன். மணி அடிக்க நெருங்கியபோது அவருக்கு ஒரு சிப்பாய் அதிகம். அதை நான் மறைக்கவில்லை. பலகையில் அவர் முன்னால் இருந்தார். ஆனால் அவர் பக்கத்துக் கொடியை முள் ஏற்கெனவே தூக்கிவிட்டிருந்தது. கடிகாரத்தில் நான் முன்னால் இருந்தேன். இந்த ஆட்டம் பலகையும் கடிகாரமும் சேர்ந்தது. பலகை மட்டும் போதுமென்றால் கடிகாரத்தை எதற்கு மேசையில் வைக்க வேண்டும்?

நான் சங்குக் குதிரையை நகர்த்தி என் பொத்தானை அமுக்கினேன். மணி அடித்தது.

அவர் எழுந்தார். கையைக் குவித்தார். கண்ணை மூடினார். பொத்தானைத் தொடவில்லை.

நானும் எழுந்தேன். அவர் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. அந்த ரஷ்யக் கடிகாரங்களின் சத்தம் பெரியது, மரப்பெட்டி முழுக்க எதிரொலிக்கும். என் கை நீளப் பார்த்தது. எட்டும் தூரம்தான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

செபம் நடந்தது. கடலில் இருக்கிறவர்களுக்கான செபம் வந்தது. திரும்பாதவர்களின் பெயர்கள் வந்தன. தம்பியின் பெயருக்கு முன்னால் அந்த இடைவெளி.

அந்த இடைவெளியில் கொடி விழுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். மாடியில் எல்லோருக்கும் கேட்டது.

அவர் தம்பியின் பெயரைச் சொன்னார். ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்தார்.

"கேப்டன் அங்கிள், கொடி விழுந்துட்டு," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "சேசு மரியே!" என்றார். பிறகு சிரித்தார். உண்மையான சிரிப்பு. கையை நீட்டினார். "பிள்ளை ஜெயிச்சிட்டா," என்றார். நான் கை கொடுத்தேன். அவர் உள்ளங்கை கெட்டியாக இருந்தது.

ஆட்டம் அங்கே முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

செயலாளர் வந்தார். "என்ன கேப்டன், நீங்க பெருந்தன்மையாச் சொல்லுதீக. அதுக்காக நாங்க விட்டுருவமா?"

"எம்புட்டு பெரிய மனசு பாத்தியா," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "வேற ஆளா இருந்தா சண்டைக்கு வந்திருப்பான்."

அந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது. கேப்டன் சொன்னது ஒரு தகவல். கொடி விழுந்தது, பிள்ளை ஜெயித்தாள். அந்தத் தகவலை அவர்கள் அவருடைய குணமாக மாற்றிவிட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னதே, உண்மை வேறு என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. பெருந்தன்மை காட்டுகிறவரிடம் பதிலுக்குப் பெருந்தன்மை காட்டாதவள் நான்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, கடிகாரம் ஓடுனதப் பாத்தியா?"

"பாத்தேன் அங்கிள்."

"பாத்துக்கிட்டே நின்னியா?"

"ஆமா."

"செபம் நடக்கையில?"

"ஆமா."

"ஏன் நிறுத்தல?"

"அடுத்தவுக கடிகாரத்துல கை வைக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

ஜன்னல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பேக்கரிக்காரர் மகன். அவன் அப்பா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"பாப்பா," என்றார் சங்குக்காரர், தயங்கித் தயங்கி. "கேப்டனுக்கு நாங்க எல்லாருமே நிறுத்திருவோம்மா. அவுக செபம் சொல்லணும்லா. எதிர்த்தாப்புல யாரு இருந்தாலும் நிறுத்திருவோம். உனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. சுவரில் ஒரு விதி இருந்தது. சுவரில் இல்லாத இன்னொரு விதி கேப்டனுக்கு மட்டும் இருந்தது. அத்தனை வருடமாக எல்லோரும் அவர் கடிகாரத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் பழக்கமாகிவிடும் என்று கண்டிக்கவில்லை. பாவம், அவருக்குத் தன் கடிகாரத்தில் ஒரு பொத்தான் இருப்பதே மறந்துபோயிருந்தது. அவர்கள் மரியாதையால் அவரை அப்படி ஆக்கிவிட்டார்கள்.

"ஆனாலும் அண்ணாச்சி," என்றார் சங்குக்காரர், செயலாளரைப் பார்த்து. "கொடி விழுந்தா விழுந்ததுதான? தண்ணிக்குள்ள போனவனுக்கு மேல இருக்கவன் மூச்சு புடிக்க முடியுமா?"

"ஏலே, நீ சும்மா கெட. இது சங்கு குளிக்கிற கத இல்ல."

செயலாளர் முடிவுச் சீட்டை எடுத்தார். வாராவாரம் இருவரும் கையெழுத்துப் போடும் சீட்டு. அதில் அரை, அரை என்று எழுதினார். "டிரா. ரெண்டு பேருக்கும் மரியாதை. பாப்பாவுக்குப் பரிசளிப்பு விழாவுல தனியா ஒரு பரிசு குடுத்துருவோம்." பேனாவைக் கேப்டனிடம் நீட்டினார்.

கேப்டன் என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கையெழுத்துப் போட்டார்.

உண்மையை அவர் ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லவில்லை. அன்று தேவைப்பட்டது அந்த இரண்டாவது தடவைதான்.

பேனா என்னிடம் வந்தது. நான் மறுபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"போடு பாப்பா."

"நான் ஜெயிச்சேன் அங்கிள். கேப்டன் அங்கிளே சொன்னாங்க."

"வேற சபைக்காரப் பிள்ளைல்லா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நம்ம செபத்தோட அருமை அதுக்கு எங்க தெரியப்போவுது."

அப்போது அப்பா ஷிப்ட் முடிந்து என்னைக் கூட்டிப்போக மாடியேறி வந்திருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் விழுந்தது. அவர் முகம் கறுத்தது. நான் நினைத்தேன், இப்போது அப்பா பேசுவார் என்று.

அப்பா என்னிடம் வந்து குனிந்தார். "போட்டுரு தாயி," என்றார் மெதுவாக. "நம்ம பிழைக்க வந்த ஊரு."

அப்பா கெஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது எனக்குக் கோபத்தை அதிகமாக்கியது. நான் போடவில்லை. அப்பா என்னை ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

வீட்டில் அம்மா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா நடந்ததைச் சொல்ல, சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"யாரு நிறுத்தணும்னு போட்டிருக்கு?"

"ஆட வேண்டியவங்க," என்றேன்.

"ஆட வேண்டியது யாரு?"

"கேப்டன்."

"அப்பம் போடாத."

"நீயுமா?" என்றார் அப்பா. "நாளைக்கு நாலு பேரு முகத்துல முழிக்கணும்லா."

"பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைகளுக்கு ஒரே விதி சொல்லுதேன். வீட்டுல உள்ள ஒண்ணுக்கு வேற விதி சொல்லவா?" என்று அம்மா அடுத்த தாளைத் திருப்பினார்.

மதுரைக்குக் கேப்டன் போனார். மன்றம் கொடுத்த தனிப் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், வீட்டுக்கு வந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அம்மா பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் மன்றத்தை விட்டுவிட்டதாக மலரில் யாராவது எழுதக்கூடும். இல்லை. அந்த ஆட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை அப்பா என்னைக் கூட்டிப்போக வரமாட்டேன் என்றார். நான் சைக்கிளில் போனேன். ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆறு மணிக்கு மணி அடித்தது.

அப்போது நடந்ததை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரியவில்லை. எல்லா மேசையிலும் ஆட வேண்டியவர்கள் தங்கள் கடிகாரத்தைத் தாங்களே நிறுத்தினார்கள். வரிசையாகச் சின்னச் சின்னச் சத்தங்கள். கடைசியாகக் கேப்டன் மேசை. எதிரில் இருந்தவரின் கை பழக்கத்தில் அவர் கடிகாரத்தை நோக்கி நீண்டது. கேப்டன் அந்தக் கையைத் தடுத்துவிட்டு, தன் விரலால் நிறுத்தினார். பிறகு எழுந்து செபத்தைத் தொடங்கினார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை.

நான் பள்ளி முடித்து ஊரை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் பார்த்தேன். அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. அதை அவர் மன்னிப்பாகச் செய்தாரா, வீம்பாகச் செய்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் சீட்டில் இருந்தது மாறவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில், காற்றாலைக் கோபுரத்துக்குள் ஏறுகிற ஒவ்வொருவரும் இயந்திரம் ஓடாதபடி தன் பூட்டைத் தானே போட வேண்டும். மேலதிகாரிக்காக வேறு யாரும் போடக்கூடாது, எவ்வளவு மரியாதை இருந்தாலும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மேனேஜருக்காகப் பூட்டுப் போட்டுக் கொடுத்தான். நான் அவனைக் கீழே இறக்கிவிட்டேன். மேனேஜரையும் இறக்கிவிட்டேன். "மேடம், மரியாதைக்குத்தானே செஞ்சேன்," என்றான். தெரியும் தம்பி. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நானும் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அறையில் ஒரு மனிதர் இறந்த தம்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தார், நீ ஒரு பொத்தானை அமுக்கியிருக்கலாமே என்கிறார்கள். செபத்துக்கு இடம் கொடுக்கத்தான் அந்த விதியே இருந்தது. அவர் தம்பிக்காக ஒரு விரலை அசைத்திருக்கலாம். என் நேரம் ஓடியபோது எனக்காக யாரும் விரலை அசைக்கவில்லை. அசைக்கக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நல்ல மாணவி. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தேன்.

இன்றைய நிலைமை இது. வாசகசாலை மாடி இருக்கிறது. ரஷ்யக் கடிகாரங்கள் இல்லை, டிஜிட்டல் வந்துவிட்டது, கொடி விழும் சத்தம் இனிக் கேட்காது. சங்குக் குதிரை எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன். பழைய செயலாளர் ஏரலில் மகன் வீட்டில் இருக்கிறார். கோயில் மணி ஆறு மணிக்கு அடிக்கிறது, அவரவர் கடிகாரத்தை அவரவர் நிறுத்துகிறார்கள், ஏன் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளில் பெண்களும் இருக்கிறார்கள், ஆள் கணக்குக்காக அல்ல. ஆண்டு விழாவுக்குக் கேப்டன் தலைமை தாங்குகிறார். நான் போவேன். முன் வரிசையில் உட்காருவேன். அவருக்குக் கை கொடுப்பேன்.

அந்தச் சீட்டில் ஒரு கையெழுத்து இருக்கிறது. இன்னொன்றுக்கான இடம் காலியாக இருக்கிறது. நான் ஜெயித்தேன்.